நாடு மாறும் விமானி அனுமதிப்பத்திரம்

ஆகாயத்தில் இரைச்சல் கேட்டால் பதுங்குகுழியை நோக்கி ஓடியவர்கள் நாங்கள். விமானம் ஓட்டுவதை ஒரு தொழிலாக, அதுவும் எங்கள் வீட்டுப் பெண்பிள்ளை செய்யும் தொழிலாக ஏற்றுக்கொள்ள எனக்குக் கனகாலம் எடுத்தது. என் அக்காவின் மகள், என்னுடைய பெறாமகள், இங்கிலாந்தில் விமானியாகத் தேறியவள். 1993இல் மானிப்பாயில் பிறந்து, 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழும்பி நடந்தபோது தகப்பனின் சைக்கிள் பாரில் இருந்து நாவற்குழிப் பாலம் கடந்தவள். இரண்டு வருடங்களின் பின் அந்தக் குடும்பம் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது.

அவள் பறக்கப் பழகிய கதையை இன்னொரு முறை எழுதலாம். இங்கே நான் சொல்ல வந்தது, அவள் வாங்கிய அனுமதிப்பத்திரத்தை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாற்றப் பட்ட பாட்டை. எங்கள் பெண்கள் நிலையத்தில் படிவம் நிரப்பிக் கொடுப்பது என் வேலை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இல்லாதவர்கள், காணி உறுதி எரிந்துபோனவர்கள், கணவரின் பெயர் ஒரு கடிதத்தில் ஒரு மாதிரியும் மற்றதில் வேறு மாதிரியும் இருப்பவர்கள் நாள்தோறும் வருவார்கள். ஆகையால் பெறாமகள் தன் பிரச்சினையைத் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, இது நான் தினமும் காணும் சங்கதிதானே என்று எனக்குப் பட்டது. உயரம்தான் வேறு.

முதலில் ஒரு விதியை விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு விமானிக்கு எந்த நாட்டு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதை அவளுடைய பிறந்த நாடோ கடவுச்சீட்டோ தீர்மானிப்பதில்லை. அவள் ஓட்டும் விமானம் எந்த நாட்டில் பதிவு செய்யப்பட்டிருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. 1944 டிசெம்பர் 7ஆம் திகதி அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 52 நாடுகள் கைச்சாத்திட்ட உடன்படிக்கையின் 32ஆம் உறுப்புரை இதைச் சொல்கிறது. நாடுகளுக்கிடையே பறக்கும் விமானத்தின் விமானி, அந்த விமானம் பதிவான நாடு வழங்கிய அல்லது அந்த நாடு செல்லுபடியாக்கிய அனுமதிப்பத்திரத்தை வைத்திருக்க வேண்டும்.

பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் திறக்கப்பட்ட பின்னர் சென்னையிலிருந்து ஏ.ரீ.ஆர். 72 ரக விமானங்கள் அங்கு வந்திறங்கியதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அவற்றின் உடலில் 'வீ.ரீ.' என்று தொடங்கும் எழுத்துகள் இருக்கும். அது இந்தியாவின் பதிவு. அதை ஓட்டி வரும் விமானிக்கு இலங்கை அனுமதிப்பத்திரம் தேவையில்லை, இந்தியாவினது போதும். எங்கள் நாட்டு விமானத்தின் எழுத்து '4ஆர்' என்று தொடங்கும். பிரித்தானியாவுக்கு 'ஜீ', அயர்லாந்துக்கு 'ஈ.ஐ.', அமெரிக்காவுக்கு 'என்'. மாட்டுக்குக் குறி சுடுவதுபோல என்று அக்கா சொன்னாள். அது சரியான உவமைதான்.

வேறு நாட்டு விமானத்தில் வேலை செய்ய விரும்பினால் வழிகள் சில உண்டு. தன்னிடமுள்ள பத்திரத்தை அந்த நாட்டைக் கொண்டு குறித்த காலத்துக்குச் செல்லுபடியாக்குவிப்பது ஒன்று. அந்த நாட்டின் பரீட்சைகளை எழுதிப் புதிய பத்திரம் பெறுவது இன்னொன்று. அமெரிக்காவில், வேறு நாட்டின் தனியார் விமானிப் பத்திரம் உள்ளவருக்கு அதை ஆதாரமாகக் கொண்டு ஒரு பத்திரம் கொடுப்பார்கள். ஆனால் அது மரத்தில் படர்ந்த கொடி மாதிரி, தாய்ப் பத்திரம் செல்லுபடியாகும் வரைதான் அதற்கும் உயிர். சம்பளத்துக்குப் பறப்பதென்றால் அங்கே எழுத்துப் பரீட்சையும் பறப்புப் பரீட்சையும் எழுதத்தான் வேண்டும். அமெரிக்காவில் பயிற்சி முடித்து ஊர் திரும்பும் இந்தியப் பிள்ளைகளும் தங்கள் நாட்டின் விமானச் சட்டம், வழிசெலுத்தல், வானிலை ஆகிய பாடங்களில் மறுபடி பரீட்சைக்கு இருக்கிறார்கள். ஆகாயம் ஒன்று, காற்று ஒன்று, இறக்கை தூக்கும் விதியும் ஒன்று. ஆனால் ஒவ்வொரு நாடும் தன் கையெழுத்தைத்தான் நம்பும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மட்டும் இது இலகுவாக இருந்தது. எல்லா நாடுகளுக்கும் ஒரே விதிமுறை. பிரித்தானியா வழங்கிய பத்திரத்தோடு அயர்லாந்து விமானத்தையும் ஜேர்மனி விமானத்தையும் ஓட்டலாம். பெறாமகள் பகலில் மருந்துக்கடையில் வேலை, இரவில் படிப்பு, காசு சேரும்போது பறப்பு என்று பகுதி பகுதியாக முடித்து 2019இல் வணிக விமானிப் பத்திரம் எடுத்தபோது இந்த நிலைமைதான் இருந்தது. அந்நேரம் 14 பாடங்களில் பரீட்சை. முதற் பரீட்சை எழுதிய மாதத்திலிருந்து 18 மாதங்களுக்குள் எல்லாவற்றிலும் சித்தியடைய வேண்டும். தவறினால் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். அந்த 18 மாதமும் எங்கள் குடும்பத்தில் யாரும் கலியாண வீட்டுக்குக்கூட அவளைக் கூப்பிடவில்லை.

அதற்கு முன்னரே, 2016 யூன் 23ஆம் திகதி நடந்த வாக்கெடுப்பில் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகத் தீர்மானித்திருந்தது. 2020 ஜனவரி 31ஆம் திகதி விலகியது. பழைய ஒழுங்குகள் அந்த வருடம் டிசெம்பர் 31 வரை மட்டும் நீடித்தன. அதன் பின்னர் பிரித்தானியப் பத்திரத்தோடு ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் பதிவான விமானத்தை ஓட்ட முடியாது. இரவு படுக்கும்போது செல்லுபடியான பத்திரம், விடியும்போது அந்த நாடுகளின் விமானங்களுக்குச் செல்லாது. எல்லைக்கோடு ஒன்று நகர்ந்து, இருந்த இடத்திலேயே மனிதர் அந்நியராவது எங்களுக்குப் புதிதல்ல. பயிற்சி பெற்ற விமானிகளுக்கு அது அன்றைக்குத்தான் விளங்கியது.

அவளுக்கு வேலை தருவதாகச் சொன்ன நிறுவனத்தின் விமானங்கள் அயர்லாந்தில் பதிவானவை. கொரோனாவால் உலகமெங்கும் விமானங்கள் தரையில் நின்ற வருடம் அது. பறப்பு மீண்டும் தொடங்கும்போது கூப்பிடுவோம், ஆனால் ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றின் பத்திரம் கையில் இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். டிசெம்பர் 31க்கு முன்னர் மாற்றினால் பரீட்சை எதுவும் இல்லை, வெறும் அலுவலக வேலை. பத்திரம் வழங்கும் நாட்டை மாற்றும்படி விண்ணப்பித்தால் போதும். அந்தத் திகதி கடந்தால் அவள் வெளிநாட்டுப் பத்திரக்காரி. அப்போது 13ஆகக் குறைந்திருந்த பாடங்கள் (இரண்டு வானொலித் தொடர்புப் பாடங்களை ஒன்றாக்கியிருந்தார்கள்) அத்தனையிலும் மறுபடி பரீட்சை, முதலாந்தர வைத்தியப் பரிசோதனை, பறப்புப் பரீட்சை எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும்.

அப்படியானால் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். சிக்கல் இதுதான்: ஐரோப்பிய விதிப்படி அந்த முறையில் ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு பத்திரம்தான் வைத்திருக்கலாம். புதியது வழங்கப்படும்போது பழையதை ஒப்படைக்க வேண்டும். அவளுடைய வைத்தியக் கோவையும் பிரித்தானியாவை விட்டு அயர்லாந்துக்குப் போய்விடும்.

இதைக் கேட்ட நாள் முதல் அக்காவுக்கு நித்திரை இல்லை. வீட்டை அடகு வைத்துப் படிப்பித்த பத்திரம். அதைத் தன் கையால் திருப்பிக் கொடுப்பதா? 95இல் அக்கா வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டு வந்தவள். தன்னுடைய உயர்தரப் பெறுபேறு, கலியாணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு எல்லாம் அலுமாரிக்குள் விட்டுவிட்டு வந்தவள். திரும்பிப் போனபோது அலுமாரியும் இல்லை, வீட்டுக்குக் கூரையும் இல்லை. அதன் பின் அக்கா எந்தக் கடதாசியையும் எவருக்கும் மூலப்பிரதியாகக் கொடுத்ததில்லை.

"உள்ளதையும் குடுத்துப்போட்டு நிக்கப்போறியே பிள்ளை? அவங்கள் அதை வாங்கி வைச்சுக்கொண்டு இதைத் தராட்டி என்ன செய்வாய்?" என்று கேட்டிருக்கிறாள்.

பெறாமகள் எனக்கு வட்ஸ்அப்பில் எடுத்தாள். "சின்னம்மா, அம்மாவுக்கு நீங்கள் சொன்னாத்தான் கேக்கும். பேப்பர் போனாலும் பதிவு போகாது எண்டு விளங்கப்படுத்துங்கோ."

அவள் சொன்னதைத்தான் நான் ஒவ்வொரு நாளும் எங்கள் நிலையத்தில் மற்றவர்களுக்குச் சொல்கிறேன். உங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் தொலைந்தால் பிறப்பு தொலைந்ததாகாது, பதிவேடு இருந்தால் பிரதி எடுக்கலாம். பதிவேடே எரிந்த இடங்களும் உண்டு என்பதையும் நான் அறிவேன். அதனால்தான் அக்காவின் பயத்தைப் பேய்க்கதை என்று தள்ள என்னால் முடியவில்லை.

ஒரு நாடு இன்னொரு நாட்டின் விமானிப் பத்திரத்தைப் பார்க்கும்போது, விமானி கொண்டுவரும் அட்டையை மட்டும் நம்பிவிடாது. வழங்கிய அலுவலகத்திடம் நேராகக் கேட்கும். இவருக்கு இந்தப் பத்திரம் நீங்கள் கொடுத்ததா, இப்போதும் செல்லுபடியாகுமா, எந்தெந்தத் தகுதிகள் உண்டு என்று. பதிலும் நேராக அலுவலகத்துக்கு அலுவலகம்தான் போகும், விமானியின் கைக்கு வராது. வைத்தியக் கோவையும் அப்படியே. எங்கள் பிள்ளைகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போதும் பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்களத்தைக் கொண்டு உறுதிப்படுத்தக் கேட்பதுண்டு. ஆக, பத்திரம் என்பது ஒரு அலுவலகத்தின் வாக்கு. அட்டை அந்த வாக்கை நினைவூட்டும் அடையாளம். இதைத்தான் நான் அக்காவுக்கு ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். அவள் கடைசியில், "சரி, ஆனா எல்லாத்திலயும் மூண்டு போட்டோப்பிரதி எடுக்கச் சொல்லு" என்றாள்.

மூன்று பிரதி எடுத்தது வீண்போகவில்லை. செப்ரெம்பரில் விண்ணப்பித்தாள். வாரங்கள் போயின. ஒரு கட்டத்தில் வைத்தியக் கோவை பொருந்தவில்லை என்று பதில் வந்தது. காரணத்தைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும். எங்கள் பெயர்தான் காரணம்.

எங்களுக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று இல்லை. தகப்பனின் பெயர் முன்னால், பிள்ளையின் பெயர் பின்னால். வெளிநாட்டுப் படிவத்தில் அது தலைகீழாகப் போகும். அவளுடைய கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப்பெயராக இருந்தது. பல வருடங்களுக்கு முன்னர் முதல் வைத்தியப் பரிசோதனை நடந்த இடத்தில் யாரோ ஒருவர் அவளுடைய சொந்தப் பெயரைக் குடும்பப்பெயராகப் பதிந்திருக்கிறார். ஒரே ஆள், ஒரே பிறந்த திகதி, ஆனால் கணினிக்கு இரண்டு பேர். கடவுச்சீட்டு, பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பு, பழைய வைத்தியச் சான்றிதழ்களின் பிரதிகள் எல்லாவற்றையும் ஒன்றாக அனுப்பி, இரண்டு பெயரும் ஒருவரே என்று உறுதிப்படுத்திய பின்னர்தான் கோவை நகர்ந்தது. எங்கள் நிலையத்துக்கு வருபவர்களில் பெயர்க் குழப்பத்தோடு வராதவர் குறைவு. தமிழில் ஒன்று, சிங்களத்தில் எழுதும்போது ஒன்று, ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக் கூட அல்லது குறைய. பிள்ளை சின்னனாக இருக்கும்போதே எல்லாப் பத்திரங்களிலும் ஆங்கில எழுத்துகளை ஒரே மாதிரி ஆக்கி வையுங்கள் என்று நான் சொல்லும்போது சிலர் சலித்துக்கொள்வார்கள். இருபது வருடம் கழித்து ஒரு வேலை அந்த ஒரு எழுத்தில் தொங்கும்.

அவளைக் காப்பாற்றிய இன்னொரு பொருள் பறப்புப் பதிவேடு. விமானி ஒவ்வொரு பறப்பையும் அதில் எழுத வேண்டும்: திகதி, விமானத்தின் வகை, அதன் பதிவெழுத்து, எங்கிருந்து எங்கே, எத்தனை மணிக்கு ஏறி எத்தனை மணிக்கு இறங்கினாள், தலைமை விமானி யார். வணிகப் பத்திரத்துக்குப் பகுதி பகுதியாகப் படிப்பவருக்கு 200 மணித்தியாலம் வேண்டும். பெரிய விமானத்தில் தலைமை விமானிக்குரிய பத்திரத்துக்கு 1500 மணித்தியாலம். அந்த மணித்தியாலங்களுக்குச் சாட்சி இந்தப் புத்தகம்தான். அவள் பக்கம் நிரம்ப நிரம்பப் படம் எடுத்துத் தாய்க்கும் எனக்கும் அனுப்பிவிடுவாள். என் கைத்தொலைபேசியில் பேரப்பிள்ளையின் படங்களுக்கு நடுவில் அவளுடைய பறப்புக் கணக்கும் கிடக்கிறது. ஆங்கிலத் தகைமையும் பத்திரத்தில் குறிக்கப்படும். சர்வதேச ஒழுங்கில் அது 6 மட்டங்கள், ஆகக் குறைந்தது 4ஆம் மட்டம் வேண்டும். அதற்கு அவளுக்குக் கஷ்டமில்லை.

இந்த நாட்களில் அவள் அடிக்கடி ஒரு பெண்ணின் பெயரைச் சொல்வாள். பெஸி கோல்மன். நான் கேள்விப்பட்டதில்லை, பிறகு தேடி வாசித்தேன். 1892இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்த கறுப்பினப் பெண். சிறுவயதில் பருத்தி பொறுக்கியவள். பின்னர் சிக்காகோவில் ஒரு முடிதிருத்தும் நிலையத்தில் நகம் அழகுபடுத்தும் வேலை. பறக்கப் பழக ஆசைப்பட்டபோது, பெண் என்றும் கறுப்பி என்றும் அவளை ஒரு பயிற்சிப் பள்ளியும் சேர்க்கவில்லை. அவள் பிரெஞ்சு மொழி படித்து, 1920 நவம்பரில் கப்பலேறிப் பிரான்சுக்குப் போனாள். 1921 யூன் 15ஆம் திகதி சர்வதேச விமானச் சம்மேளனத்தின் பத்திரம் பெற்றாள். அந்தப் பத்திரம் பெற்ற முதலாவது கறுப்பினப் பெண் அவள். அதோடு ஊர் திரும்பினாலும், சாகசப் பறப்பு தெரியாமல் அதில் சீவிக்க முடியாது என்று கண்டாள். அதைப் பழக்கவும் சொந்த நாட்டில் ஆளில்லை. மறுபடி ஐரோப்பா போய்ப் பழகி வந்து, 1922 செப்ரெம்பர் 3ஆம் திகதி நியூயோர்க்கில் சனங்களுக்கு முன்னால் பறந்தாள்.

அவள் காலத்தில் அமெரிக்காவில் விமானிகளுக்கு மத்திய அரசின் பத்திரம் என்றே ஒன்று இருக்கவில்லை. அதற்கு வழிசெய்த சட்டம் 1926 மே 20ஆம் திகதி கைச்சாத்தானது. அதற்கு இருபது நாள் முன்னர், ஏப்ரல் 30ஆம் திகதி, ஒத்திகைப் பறப்பொன்றில் விமானத்திலிருந்து வீசப்பட்டு அவள் இறந்துபோனாள். தன் நாடு தராததை இன்னொரு நாட்டில் வாங்கி வந்து தன் நாட்டு ஆகாயத்திலேயே பறந்துவிட்டாள் என்பதில் பெறாமகளுக்கு ஒரு பிடிப்பு. எனக்கோ அவள் இரண்டாம் முறையும் கப்பலேறியதுதான் பெரிதாகப் பட்டது. முதல் முறை போவதற்கு ஆசை போதும். பத்திரம் கையிலிருந்தும் போதாது என்று கண்டு மறுபடி போவதற்கு வேறொன்று வேண்டும்.

டிசெம்பர் இரண்டாம் கிழமை அயர்லாந்துப் பத்திரம் தபாலில் வந்தது. இலக்கத்துக்கு முன்னால் பிரித்தானியாவின் மூன்று எழுத்துகள் போய் அயர்லாந்தின் மூன்று எழுத்துகள் வந்திருந்தன. பெயர், பிறந்த திகதி, தகுதிகள் எல்லாம் அப்படியே. பழையதை அனுப்பும் நாள், தபாற்கந்தோர் வரை அக்காவும் கூடப் போனாளாம். பதிவுத் தபால் துண்டு இன்னும் அக்காவின் சாமியறையில் இருக்கிறது.

அதே பயிற்சிப் பள்ளியில் படித்த அவளுடைய சிநேகிதி மாற்றவில்லை. பிரித்தானியாவிலேயே வேலை கிடைக்கும் என்று இருந்தாள். அவள் எடுத்த முடிவையும் பிழை என்று சொல்லமாட்டேன். அந்த வருடம் எங்கே வேலை இருக்கும் என்று எவருக்கும் தெரியாது, குடும்பத்தை விட்டுப் போகவும் அவளுக்கு வழியில்லை. பின்னர் ஐரோப்பிய நிறுவனமொன்றில் இடம் வந்தபோது, 13 பாடங்களுக்கும் மறுபடி இருந்தாள். வேலையும் செய்துகொண்டு, கைக்குழந்தையும் வைத்துக்கொண்டு.

உங்கள் பிள்ளைகள் யாராவது இந்தத் துறைக்குப் போக விரும்பினால், இரத்மலானையில் பயிற்சிப் பள்ளிகள் உள்ளன. பத்திரத்தை வழங்குவது சிவில் விமான சேவைகள் அதிகாரசபை. வெளிநாட்டில் படிக்க அனுப்புவதானால், காசு கட்டுமுன் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: பிள்ளை எந்த நாட்டு விமானத்தில் வேலை தேடப்போகிறாள்? அந்த நாட்டின் பத்திரத்தை நேராக எடுக்க முடியுமா, அல்லது மாற்ற வேண்டுமா? மாற்றுவதற்கு எத்தனை பரீட்சை, எவ்வளவு செலவு? பயிற்சிப் பள்ளியின் விளம்பரத்தில் இது இருக்காது. எந்த நாட்டில் வேலையோ அந்த நாட்டு அதிகாரசபையிடமே எழுதிக் கேட்க வேண்டும். முதலாந்தர வைத்தியப் பரிசோதனையையும் படிப்பு தொடங்குமுன் செய்வித்துவிடுங்கள். கண்ணிலோ காதிலோ ஒரு குறை இருந்து, அது காசெல்லாம் செலவழிந்த பிறகு தெரியவந்தால் யாரையும் நோக முடியாது.

பெறாமகளை அந்த நிறுவனம் 2022 தொடக்கத்தில் அழைத்தது. ஐரோப்பிய நாடுகளின் பத்திரங்களைப் பிரித்தானியா இரண்டு வருடங்களுக்கு, அதாவது 2022 டிசெம்பர் 31 வரை, தன் விமானங்களுக்கு ஏற்றுக்கொண்டிருந்தது. அந்தத் தவணை முடியுமுன்னரே அவள் பிரித்தானியப் பத்திரத்துக்கும் மறுபடி விண்ணப்பித்து எடுத்துவிட்டாள். பிரித்தானியா இப்போது வெளிநாடாகிவிட்டதால் ஒரு நேரத்தில் ஒன்று என்ற விதி அதைத் தடுக்கவில்லை. திருப்பிக் கொடுத்தது திரும்பி வந்ததில் அக்காவுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் இரண்டு பத்திரத்துக்கும் தனித்தனி வைத்தியச் சான்றிதழ் வேண்டும், இரண்டும் வருடத்துக்கு வருடம் புதுப்பிக்க வேண்டியவை. இரண்டு நாட்டு அங்கீகாரமும் உள்ள வைத்தியர் ஒருவரிடம் ஒரே நாளில் இரண்டையும் செய்வித்துக்கொள்கிறாள். கட்டணம் மட்டும் இரண்டுக்கும் தனித்தனியாம்.